சென்னை மழையில் பைக்: செப்டம்பரிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

தேனியிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்த முதல் ஆண்டு, நவம்பர் மாதத்தில் ஒரு மாலை. பள்ளிக்கரணை ரேடியல் சாலையில் நீர் தேங்கியிருந்தது. முன்னால் போன வண்டிகள் எல்லாம் போகின்றனவே என்று நானும் இறங்கினேன். பாதியில் எஞ்சின் நின்றது. பதற்றத்தில் ஏழெட்டு முறை செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தினேன். அதுவரை வண்டிக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. அந்த ஏழெட்டு அழுத்தலில்தான் எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்த கம்பி, கனெக்டிங் ராடு, வளைந்தது. மெக்கானிக் எஞ்சினைத் திறந்து காட்டியபோது கைச்செலவு 18,400 ரூபாய். இருபத்து மூன்று நாள் வண்டி இல்லை. காப்பீட்டிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை.

அந்தப் பணமும் அலைச்சலும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும். வெளியூரிலிருந்து புதிதாகச் சென்னைக்கு வந்து, வேளச்சேரி, பெருங்குடி, போரூர், அம்பத்தூர் பக்கம் தங்கி, தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஓட்டத் தெரியாதவர்களுக்கு அல்ல; ஊரில் பத்து வருடம் ஓட்டியவர்களுக்கும் இந்த மழையும் இந்த நெரிசலும் சேர்ந்தால் புதிதுதான். பாதிக்கு மேற்பட்ட வேலை மழைக்கு முன்பே செய்ய வேண்டியது. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். ஆகவே உங்கள் கணக்கு செப்டம்பரிலிருந்து.

1. செப்டம்பர் முதல் வாரம்: பாலிசியைத் திறந்து படியுங்கள்

வண்டி வாங்கும்போது ஷோரூமில் கொடுத்த பாலிசி தாளை நம்மில் பலர் படிப்பதே இல்லை. நானும் படிக்கவில்லை. அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, உங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கானது) மட்டுமா, சொந்தச் சேதத்துக்கும் சேர்த்தா? புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி சேர்த்தே வாங்க வேண்டும். சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஒரு ஆண்டுக்குத்தான் இருக்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சொந்தச் சேதப் பகுதி எப்போதோ முடிந்திருக்கும். தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் வெள்ளத்தில் மூழ்கினாலும், மரம் விழுந்தாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. உங்களால் அடிபட்டவருக்குப் பணம் கிடைக்கும், போலீஸ் நிறுத்தினால் அபராதம் வராது, அவ்வளவுதான்.

இரண்டாவது, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருக்கிறதா? சாதாரண சொந்தச் சேதப் பாலிசி வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதத்தை ஏற்கும். ஆனால் நீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் உள்ளே உடைந்ததைத் தொடர் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். என் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது இந்தக் காரணத்துக்காகத்தான். இந்தக் கூடுதல் கவரைப் பொதுவாகப் புதுப்பிக்கும்போதுதான் சேர்க்க முடியும். நடுவில் சேர்ப்பது கடினம். பழைய வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் தருவதும் இல்லை. எனவே உங்கள் புதுப்பிப்புத் தேதி ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் தவறவிடாமல் கேட்டு வாங்குங்கள். என் 150 சி.சி. வண்டிக்கு இது சேர்ந்ததில் சில நூறு ரூபாய்தான் கூடியது.

மூன்றாவது, தேதி. சொந்தச் சேதப் பாலிசி காலாவதியாகிவிட்டால் பல நிறுவனங்கள் வண்டியைப் பார்வையிட்ட பிறகே மறுபடி கொடுக்கும். 90 நாளைத் தாண்டினால் இதுவரை கோரிக்கை வைக்காததற்கான போனஸ் தள்ளுபடியும் போய்விடும்.

விலை பற்றி ஒரு தெளிவு: தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை ஆண்டுக்கு 714 ரூபாய், 150க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இந்தப் பகுதியில் ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். பேரம் பேச இடம் இருப்பது சொந்தச் சேதப் பகுதியிலும் கூடுதல் கவர்களிலும்தான்.

2. அதே வாரம்: மற்ற காகிதங்கள்

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். நான்கையும் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலி வழியாகவே எடுத்து அதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் காட்டினால் அசலுக்குச் சமம். வாட்ஸ்அப்பில் இருக்கும் போட்டோ அசலுக்குச் சமம் இல்லை; இந்த வித்தியாசம் தெரியாமல் சாலையோரத்தில் வாதாடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நனைந்து போகும் என்பதால் மழைக்காலத்தில் அசல் தாளைச் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். ஆர்.சி. அட்டையை மட்டும் ஒரு ஜிப் கவரில் போட்டு வைத்தால் போதும்.

புகைச் சான்றிதழ் பெட்ரோல் பங்க்கிலேயே எடுக்கலாம், பத்து நிமிட வேலை, எனக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

வேறு மாநிலப் பதிவு எண் உள்ள வண்டி என்றால், இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறீர்களா என்று யோசித்து, என்.ஓ.சி. (பதிவு செய்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) வேலையை இப்போதே தொடங்குங்கள். அது மழையோடு சேர்ந்தால் இரட்டைத் தலைவலி.

3. செப்டம்பர் கடைசி: டயரும் பிரேக்கும்

அக்டோபர் முதல் மழைக்கு மறுநாள் மெக்கானிக் கடையில் நிற்கவே இடம் கிடைக்காது. பத்து நாள் முன்பே போய்விடுங்கள்.

டயர் பள்ளங்களுக்குள் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று எழுதியோ ஒரு முக்கோணம் போட்டோ அந்த இடத்தைக் காட்டியிருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மட்டத்துக்கு வரக் கொஞ்சம் இருந்தால்கூட மழைக்கு முன்பே மாற்றுங்கள் என்பதுதான் என் கருத்து, ஏனென்றால் ஈரச் சாலையில் நீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். பின் டயருக்கு 150 சி.சி. வண்டியில் எனக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. "மழைக்குக் காத்தைக் குறைச்சு ஓட்டுங்க, பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அவ்வளவு.

பிரேக் பேடு, பின் பிரேக் ஷூ, செயினுக்கு எண்ணெய், டெயில் லைட், இண்டிகேட்டர், இவற்றையும் பார்த்துவிடுங்கள். மழையில் உங்கள் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரிவது அந்த டெயில் லைட்டால்தான். பிரேக் பிடிக்கும்போது எரிகிறதா என்று வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, சிவப்பு வெளிச்சம் விழுகிறதா பாருங்கள். முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றுக்கு எரிந்து மற்றொன்றுக்கு எரியாமல் இருப்பது சாதாரணம்.

உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அது ஒரு சக்கரத்துக்கா இரண்டுக்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம்தான், ஆனால் பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும். பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும்.

4. உடுப்பு

மேலே சட்டையும் கீழே பேன்ட்டும் தனித்தனியாக உள்ள ரெயின்கோட் வாங்குங்கள். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் பாரிமுனையிலும் தி. நகரிலும் நல்லதாகவே கிடைக்கிறது. தையல் இடங்களில் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். டேப் இல்லாவிட்டால் அரை மணி நேர மழையில் தொடை நனைந்துவிடும். போர்வை மாதிரி தொங்கும் கோட்டு வேண்டவே வேண்டாம். காற்றில் பறந்து செயினில் சிக்கும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் அப்படித்தான், ரெயின்கோட்டுக்கு உள்ளே செருகிவிடச் சொல்லுங்கள். பின் சீட்டில் இருப்பவர் குடை பிடிப்பது சென்னையில் தினமும் கண்ணில் படும் காட்சி. ஒரு காற்று போதும், இரண்டு பேரும் கீழே.

நிறம் கறுப்போ கருநீலமோ எடுக்காதீர்கள். கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார், அழுக்குத் தெரியாது என்பார். மழை மாலையில் லாரிக்காரர் கண்ணுக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள். மஞ்சள், ஆரஞ்சு, குறைந்தபட்சம் முதுகில் ஒளிரும் பட்டை.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். விசர் கீறல் விழுந்திருந்தால் புது விசர் மட்டும் சில நூறு ரூபாய்க்கு மாற்றலாம். பகலில் தெரியாத கீறல், ராத்திரி மழையில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் நட்சத்திரம் மாதிரி சிதறும். உள்பக்கம் பனி படர்வதற்கு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, காய்ந்த துணியால் கண்ணாடி தெளியும் வரை துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். கறுப்பு விசர் மழைக்காலத்தில் வீட்டிலேயே இருக்கட்டும்.

5. கிளம்பும் முன்: போகலாமா என்ற முடிவு

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கை வெளியிடுகிறது. அலுவலகம் விடும் முன் அதைப் பாருங்கள். மழை இப்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, நீங்கள் சாலையில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் எப்படி இருக்கும் என்பது முக்கியம்.

வழியைக் குறுக்கு வழியாக அல்ல, மேடான வழியாகத் தேர்ந்தெடுங்கள். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகள் முதலில் நிரம்பும், தி. நகர் துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகள், வியாசர்பாடி கணேசபுரம் எல்லாம் கனமழையில் அடைக்கப்படுபவை. வரைபடச் செயலி இதையெல்லாம் உடனே சொல்லாது, "வேகமான வழி" என்று அதிலேயே இறக்கிவிடும். வேளச்சேரிக்காரர்கள் கனமழை என்றதும் மேம்பாலத்தில் கொண்டுபோய்க் காரை நிறுத்துவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில் நீர் எங்கே நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்களும் உங்கள் தெரு டீக்கடையிலோ பெட்டிக்கடையிலோ ஒருமுறை கேளுங்கள்: "அண்ணே, இங்க எந்த இடத்துல முதல்ல தண்ணி நிக்கும்?" எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியது எஞ்சின் போன பிறகுதான்.

சிவப்பு எச்சரிக்கை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை பறக்கும் ரயில் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது. ஒரு நாள் பயணத்துக்கு ஐம்பது, நூறு ரூபாய் போகட்டும். வண்டியை அன்று மரத்தடியில் நிறுத்தாதீர்கள். தரைத்தளப் பார்க்கிங்கில் நீர் ஏறும் வீடு என்றால் முதல் நாளே மேடான தெருவுக்கு மாற்றிவிடுங்கள்.

6. முதல் பத்து நிமிடம்

பல நாள் காய்ந்த சாலையில் விழும் முதல் மழைதான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் டயர் தூளும் நீரோடு சேர்ந்து வழுவழுவென்று ஆகும். சிக்னலில் வண்டிகள் நிற்கும் இடத்தில், முக்கியமாக வழித்தடத்தின் நடுவில், எண்ணெய் சொட்டி வானவில் மாதிரி மினுக்கும். அதில் கால் ஊன்றினாலே வழுக்கும். முடிந்தால் முதல் பத்து பதினைந்து நிமிடம் ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றுவிட்டுக் கிளம்புங்கள்.

ஒதுங்குவது என்றால் மேம்பாலத்துக்கு அடியில் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பது அல்ல. நாற்பது ஐம்பது பைக் கூட்டமாக நிற்கும், பின்னால் வரும் பேருந்துக்கு மழையில் அது தெரியாது. சாலையை விட்டு முழுதாக விலகி நில்லுங்கள்.

வழுக்கும் இடங்கள்: வெள்ளைக்கோடு, ஜீப்ரா கிராசிங், மேன்ஹோல் மூடி, மெட்ரோ பணி நடக்கும் இடங்களில் பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடு. ஓ.எம்.ஆரிலும் ஆற்காடு சாலையிலும் இந்தத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ஏறும்போது வண்டி நிமிர்ந்திருக்க வேண்டும். திருப்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிட்டு, தாண்டிய பிறகு மற்றதைச் செய்யுங்கள்.

7. நெரிசலில்

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். முன்னால் போகும் ஆட்டோ பயணியைக் கண்டு நின்றால், நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தப் பதினோரு மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் நிற்பதற்கு அதன் பிறகு இன்னும் அதிகம் வேண்டும். இடைவெளி விட்டால் இன்னொருவர் நுழைந்துவிடுவார் என்பது உண்மைதான். நுழையட்டும். மறுபடி இடைவெளி விடுங்கள். வீட்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போவீர்கள்.

பேருந்தின் இடப்பக்கம் நுழையாதீர்கள். நிறுத்தம் வந்தால் அது ஓரம் கட்டும். உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடம் இருக்காது, ஓரத்தில்தான் நீரும் திறந்த சாக்கடையும் இருக்கும். பேருந்தோ லாரியோ தேங்கிய நீரில் உங்களைக் கடந்தால் அது தள்ளும் அலை உங்கள் வண்டியில் எஞ்சின் உயரத்துக்கு வரும். அதனால் ஆழமான இடத்தில் பெரிய வண்டி வருகிறதா என்று பார்த்து, அது போன பிறகு இறங்குங்கள்.

முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டிப் பிடியுங்கள். கியரைக் குறைத்து எஞ்சின் இழுவையில் வேகத்தைக் குறைப்பது இன்னும் நல்லது. ஹெட்லைட் லோ பீமில் இருக்கட்டும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அதை நிறுத்துங்கள்.

8. நீர் முன்னால் தெரிகிறது: இறங்கலாமா?

நடுவில் இருக்கும் மீடியனைப் பாருங்கள். கறுப்பு மஞ்சள் பட்டை அடித்த கல் முழுதாகத் தெரிந்தால் ஆழம் குறைவு. பாதி மறைந்திருந்தால் நின்று யோசியுங்கள். கல்லே தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். உங்கள் வண்டியில் கணக்கு, முன் சக்கரத்தின் நடு அச்சு. நீர் அதைத் தொடும் என்று தோன்றினால் போகக் கூடாது. ஸ்கூட்டரில் எல்லாமே தாழ்வாக இருப்பதால் இன்னும் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

போவது என்று முடிவு செய்தால் உங்கள் உயரத்து வண்டி ஒன்று போன தடத்திலேயே, சாலை நடுப்பக்கமாகப் போங்கள். ஓரத்தில் மூடி இல்லாத மேன்ஹோல் இருக்கலாம். நீர் சுழன்று கீழே இறங்குவது தெரிந்தால் அங்கே திறந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் கியர். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வேகத்தைக் கிளட்ச்சால் கட்டுப்படுத்துங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள், ஆக்சிலரேட்டரை விடாதீர்கள். கரையேறியதும் கொஞ்ச தூரத்துக்குப் பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டுங்கள். நனைந்த பிரேக் ஷூ காயும் வரை பிடிக்காது.

9. வண்டி நீரில் நின்றுவிட்டால்

ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒருமுறைகூட வேண்டாம். கிக்கரும் வேண்டாம்.

காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் நீர் வழிவிடாது, ராடு வளையும். எனக்கு நடந்தது அதுதான். "ஒரு தடவை அடிச்சுப் பாருங்க தம்பி" என்று உதவிக்கு வந்தவர்களே சொன்னார்கள், நல்ல மனதோடுதான்.

செய்ய வேண்டியது: சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மேட்டுக்குத் தள்ளுங்கள். தள்ளும் முன் நீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியும்படி நம்பர் பிளேட்டோடு இரண்டு போட்டோ எடுங்கள். பிறகு மெக்கானிக். அவர் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றுவார், ஏர் ஃபில்டரை மாற்றுவார். எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது, முழுதாக வடித்து மாற்ற வேண்டும். இந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் ஆயில், ப்ளக், ஃபில்டர், கூலி சேர்த்து ஆயிரம், இரண்டாயிரத்தில் முடியும். மின்சார ஸ்கூட்டர் என்றால் நனைந்தபின் சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்கு ஏற்றி அனுப்புங்கள்.

10. காப்பீட்டுக் கோரிக்கை

காப்பீட்டில் கோரப் போகிறீர்கள் என்றால், மெக்கானிக் எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே, அன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துக் கோரிக்கை எண் வாங்குங்கள். நான் முதலில் தெரு மெக்கானிக்கிடம் பிரித்துவிட்டு, நான்கு நாள் கழித்துத்தான் போன் செய்தேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தபோது எஞ்சின் துண்டு துண்டாகக் கிடந்தது. ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, பூர்த்தி செய்த படிவம், போட்டோ, பழுது மதிப்பீடு, வங்கி விவரம் கேட்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழிப்பார்கள், தேய்மானக் கழிவு இல்லாத கவர் எடுத்திருந்தால் தவிர.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நான் இதைத் தெரிந்துகொண்டபோது அந்த ஓராண்டு முடிந்திருந்தது.

11. போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

ஆம்புலன்ஸ் 108. தேங்கிய நீர், விழுந்த மரம், திறந்த மேன்ஹோலுக்கு மாநகராட்சியின் 1913. விபத்தில் அடிபட்டால், தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு, வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும். உங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் வரை எந்தெந்த மருத்துவமனை அதில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து, ஹெல்மெட்டுக்குள் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய ஒரு சீட்டை லேமினேட் செய்து ஒட்டிவிடுங்கள். பத்து ரூபாய்தான் ஆகும்.